முள் குத்தியதே தெரியாத கால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் காயங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. வெட்டுக்காயம், சிராய்ப்பு, குத்துக்காயம், தீக்காயம் என்று வகை பிரித்து, கூர்மையான பொருள், சூடான பொருள், விபத்து, விலங்குக் கடி என்று காரணங்களையும் போட்டிருந்தீர்கள். எதுவும் தப்பில்லை. ஆனால் படித்து முடித்தபோது, 34 வருடமாக நான் பார்த்த காயம் ஒன்றுகூட அதில் இல்லாத மாதிரி இருந்தது. ‘கூர்மையான பொருள்’ என்று ஒரு பொருள் எங்கள் ஊரில் கிடையாது. அரிவாள்மனை உண்டு, கருவேல முள் உண்டு, கண்மாய்க்குள் உடைந்து கிடக்கும் பீர் பாட்டில் உண்டு.

நான் 1988-இல் செவிலியராக வேலையில் சேர்ந்து 2022-இல் ஓய்வு பெற்றவள். முழு சர்வீசும் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்ளேதான். டூட்டி மாறிக்கொண்டே இருக்கும் என்றாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாதி சர்வீஸ் கட்டுப் போடும் அறையிலேயே போயிருக்கிறது.

அந்த அறையில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “எப்படிப் பட்டது?” விபத்து, அடிதடி என்றால் பதில் ஏ.ஆர். நோட்டில், அதாவது விபத்துப் பதிவேட்டில் ஏறும், போலீசுக்குத் தகவல் போகும். மற்றதெல்லாம் ஓ.பி. சீட்டில் ‘காயம், கட்டு, ஊசி’ என்பதோடு சரி. குழம்புச் சட்டியா, சைலன்சரா என்று யாரும் எழுதுவதில்லை. வெளியே நாற்பது பேர் நிற்கும்போது எழுத முடியாது என்பதும் உண்மை. அதனால் அந்தப் பதில்களெல்லாம் என்னைப் போன்றவர்கள் தலையிலேயே தங்கிவிட்டன. கொஞ்சத்தை இங்கே இறக்கி வைக்கிறேன்.

வண்டியில் போய் விழுந்தவர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். நின்ற வண்டி சுட்ட கதை எங்களுக்குத்தான் தெரியும். முகூர்த்த நாள், திருவிழா என்றால் மறுநாள் காலையில் நாலைந்து பிள்ளைகளாவது வந்துவிடும். மண்டப வாசலில் வரிசையாக நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடியிருப்பார்கள். கெண்டைக்காலில் வெற்றிலை அளவுக்குத் தோல் வழன்றிருக்கும். எங்களுக்குக் காரணத்தைக் கேட்கவே வேண்டியதில்லை, இடத்தைப் பார்த்தாலே சைலன்சர் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று சக்கரத்துக்குள் கால் விடுவது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பின்சீட்டில் கால் தொங்க உட்கார்ந்திருக்கும். தூக்கம் சொக்கும்போது குதிகால் ஸ்போக்குக்குள் போய்விடும். முதல் நாள் பார்த்தால் சாதாரணச் சிராய்ப்பு மாதிரிதான் இருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்றதும் அப்பாவுக்கு உயிர் வந்துவிடும், தூக்கிக்கொண்டு போய்விடுவார். “நாளன்னிக்குக் கட்டுப் பிரிச்சுப் பார்க்கணும், கண்டிப்பா வாங்க” என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம்தான் வருவார்கள். நசுங்கிய தோல் உடனே செத்துப்போகாது, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். கட்டைப் பிரித்தால் குதிகால் கறுத்து, தொட்டால் தோல் மாதிரியே இருக்காது, பழைய செருப்பு வார் மாதிரி விறைத்திருக்கும். அப்புறம் கறுப்பை வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, பிள்ளைக்கு அரைப் பரீட்சையே போய்விடும். இரு சக்கர வாகனத்தின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123-லேயே இருக்கிறது. நாம் புடவைக் கார்டு என்கிறோமே, அதுதான். ஷோரூமில் மாட்டித்தான் தருகிறார்கள். பையன்கள் முதல் வாரமே கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள், வண்டி பார்க்க நன்றாக இல்லையாம்.

சமையலறைக்கு வருகிறேன். நறுக்கும்போது வெட்டிக்கொள்வதெல்லாம் எங்களிடம் வரவே வராது. காபித்தூளை அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு அதே கையோடு பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார்கள். வருவது சூடு பட்டவர்கள்தான், அதில் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கஞ்சி வடிக்கும்போது சட்டி வழுக்கித் தொடையிலும் புறங்காலிலும் ஊற்றிக்கொண்டவர்கள் அதிகம். நைட்டி துணி நனைந்து ஒட்டிக்கொள்ளும், கழற்றினால் தோலோடு வரும். சாப்பாட்டுக்கு இறக்கித் தரையில் வைத்த குழம்புச் சட்டிக்குள் பின்னாலேயே நடந்து போய் உட்கார்ந்த பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு மூன்று பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு தடவை ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை அதன் அப்பத்தா தூக்கி வந்தார். முதுகு, இடுப்பு முழுக்க வெள்ளையாகக் காய்ந்து வெடித்திருந்தது. இட்லி மாவு. வீட்டிலிருந்த மாவு முழுவதையும் அந்தம்மா தடவிவிட்டார். குளிர்ச்சி என்று நினைத்து ஆசையாகச் செய்ததுதான். அதைக் கழுவி எடுக்க எனக்கும் உதவிக்கு நின்ற பெண்ணுக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. சலைன் என்கிற உப்புநீரை ஊற்றி ஊற வைத்து, ஊற வைத்துத் துடைத்தும், மாவு வந்த இடமெல்லாம் கொப்புளத் தோலும் கூடவே வந்தது. குழந்தை அழுது அழுது கடைசியில் சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்தது. அப்பத்தா கதவுக்கு வெளியே நின்று தன் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிடம் காட்டியிருந்தால் போதும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பேனா மை, பேஸ்ட், மாவு என்று மட்டும் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

நாய்க்கடியைப் பற்றி உங்கள் கட்டுரையில் சரியாகவே இருந்தது, 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுவதையும் தடுப்பூசியை நடுவில் விடக்கூடாது என்பதையும் சொல்லியிருந்தீர்கள். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்பிக்கொண்டு வருவது இன்னும் நிற்கவில்லை என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு காயம் உண்டு என்றால் அது சீமைக்கருவேல முள். ஆடு மேய்ப்பவர்கள், விறகு வெட்டுபவர்கள், விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுபவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் என்று யாரையும் விடாது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவால் ஊர் ஊராகக் கருவேலத்தை வெட்டினார்களே, அப்போது வெள்ளைச் சட்டை போட்டவர்கள்கூட முள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். குத்துவது பெரிதில்லை, உள்ளே ஒடிவதுதான் பெரிது. ஊக்கால் நோண்டுவார்கள், எருக்கம்பால் விடுவார்கள், வலி அடங்கிவிடும். மூன்று வாரம் கழித்து அந்த இடம் வீங்கிச் சீழ் பிடிக்கும். எக்ஸ்ரேயில் முள் தெரியாது, அதனால் ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. ஸ்கேன் எடுத்தால் தெரியும். கீறி எடுத்த பிறகு பார்த்தால் இத்தனை பாடுபடுத்தியது அரை அங்குலம்கூட இருக்காது. இரும்பு குத்தினால்தான் ஊசி போட வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த ஊசி தடுக்கிற ரண ஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். முள் இரண்டிலும் கிடந்துதான் வருகிறது.

கரிமூட்டம் என்றதும் நினைவு வருகிறது. மூட்டம் பிரித்த இடத்தில் மேலே சாம்பல் வெள்ளையாக, ஆறின மாதிரி கிடக்கும். அடியில் நெருப்பு இருக்கும். கால் வைத்தால் கரண்டைக்கால்வரை உள்ளே போய்விடும். அப்படி வந்தவர்களின் பாதத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

கடற்கரை ஊரில் இருந்தபோது பார்த்தது வேறு. திருக்கை மீனின் வால் முள் அடித்தவர்கள் வலியில் துடித்துக்கொண்டு வருவார்கள். பெரிய மருந்து எதற்கும் முன்னால் நாங்கள் செய்வது, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைப்பது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் முகம் தெளியும். ஆனால் சூட்டை வேறு ஒருவர் கையால் பார்க்க வேண்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. கடல்பாசி எடுக்கிற பெண்கள் விரல் ஒவ்வொன்றிலும் கிழிசல் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். பாறையில் கிழித்த காயம் உப்புத்தண்ணீரில் ஊறி ஊறி, உதடு பிளந்த மாதிரி நிற்கும். “நாலு நாள் தண்ணியில இறங்காதீங்க” என்பேன். “நீங்களே அரிசி வாங்கித் தர்றீங்களா சிஸ்டர்?” என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு கட்டுப் போடுவேன். வேறென்ன செய்ய?

எங்களால் வந்த காயங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. எண்பது வயசுக்காரர்களின் தோல் அப்பளம் மாதிரி. ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை அவசரத்தில் வெடுக்கென்று உரித்து, அதோடு தோலையும் உரித்திருக்கிறேன். அப்புறம் தண்ணீர் தொட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்கப் பழகிக்கொண்டேன்.

இதுவரை சொன்ன காயங்களில் எல்லாம் ஒரு நல்லது இருக்கிறது. வலித்தது, அதனால் வந்தார்கள். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அவர்களுக்காக அல்ல.

“எப்படிப் பட்டது?”

“தெரியலையே சிஸ்டர்.”

இந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்தும் பதில். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படிச் சொன்னவர்கள் பெரும்பாலும் தொழுநோயாளிகள். கடைசிப் பத்துப் பதினைந்து வருடத்தில் சொன்னவர்கள் சர்க்கரை நோயாளிகள். உங்கள் கட்டுரையில் ‘நீரிழிவு நோயாளிகளுக்குக் காயம் ஆறத் தாமதமாகும்’ என்று ஒரு வரி இருந்தது. ஆறுவது பிறகு. அந்தக் காயம் பட்டதே அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது.

டிரெயினிங்கில் எங்கள் டியூட்டர் டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சொல்வார். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், 1946-இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குக் கை கால் அறுவை சிகிச்சை செய்தவர். விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். அப்படியில்லை, வலி தெரியாததால் அடுப்புச் சூட்டிலும் ஆணியிலும் தேய்ப்பிலும் பட்ட காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன என்று காட்டியவர் அவர். அங்கே சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் புதுக் காயம் இருக்குமாம். எப்படி என்று விடிய விடியக் காவல் இருந்து பார்த்தபோது, எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. கடிபட்டவர் தூக்கம் கலையவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். நாங்கள் அப்போது சிரித்தோம். பிற்பாடு எலி கடித்த கட்டைவிரலோடு சர்க்கரை நோயாளிகள் என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்கதையைச் சொன்னால்தான் புரியும். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. 2019-இல், நான் சர்வீசில் இருந்தபோது நடந்தது. சாயங்காலம் கண்மாய்க்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவது அவர் வழக்கம். ஒருநாள் டூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன், நடையின் சிமெண்டுத் தரையில் வரிசையாக ஈரப் பொட்டுகள். கண்டக்டர் விசில் அளவுகூட இருக்காது, ஓரடிக்கு ஒன்று. குளித்துவிட்டுக் காலைத் துடைக்காமல் நடந்திருக்கிறார் என்று நினைத்து, சத்தம் போட்டுக்கொண்டே துடைத்தேன். துணி லேசாகச் சிவந்தது.

வாசலில் அவருடைய ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். வலது செருப்பின் அடியில் கருவேல முள் ஒன்று முழுசாக இறங்கி, மேல்பக்கம் நகம் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே பாதத்தில் அதே இடத்தில் ஓட்டை. எப்போது குத்தியது என்று கேட்டால், “எதுடி?” என்கிறார். முந்தின நாளும் அதே செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடந்தார். எத்தனை ஆயிரம் அடி அந்த முள்மேல் மிதித்தாரோ. கால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் சிவப்பு மேலே ஏறியது, அப்புறம் காய்ச்சல். கடைசியில் சுண்டுவிரலையும் அதன் பின்னால் கொஞ்சம் எலும்பையும் எடுத்தார்கள். ஆற மூன்று மாதம். அந்த ஈரப் பொட்டைப் பார்த்த அன்று காலையில் நான் ஏழு பேருக்குக் கால் கட்டுப் போட்டிருந்தேன். வீட்டிலிருந்த காலை ஒரு வருடமாகத் திருப்பிப் பார்த்ததில்லை.

நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு வந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ரத்தச் சர்க்கரையைப் பார்க்க மிஷின் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. காலைப் பார்க்க ஆள் இல்லை. டாக்டரிடம் போனாலும் ரிப்போர்ட்டைத்தான் நீட்டுகிறோம், செருப்பைக் கழற்றுவதில்லை.

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு நைலான் இழை வைத்திருப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும், மீன்பிடி நரம்பு மாதிரி இருக்கும். அதுகூட இல்லாமல் வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, நம் ஆள்காட்டி விரலால் அழுத்தாமல், தட்டாமல் ஒரு நொடி, இரண்டு நொடி தொட வேண்டும். மொத்தம் ஆறு தொடுதல். “எந்தக் கால்?” என்று கேட்டால் வலது, இடது என்று சொல்ல வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் காலைக் காட்ட வேண்டும். ஒரு நிமிட வேலை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலப் பெண்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வெயிலில் நடந்து வரும் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையைக் கட்டுவது எனக்கே சங்கடம்தான். ஆனாலும் கேட்கிறேன். மாத்திரையை நீட்டும்போது, “காலைக் காட்டுங்க” என்று ஒரு வார்த்தை. சிலர் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் பார்க்கிற மாதிரி அரசு இதைக் கட்டாயம் ஆக்கலாம். கூடவே தொழுநோயாளிகளுக்குக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பை, அந்த மெத்தென்ற மைக்ரோ செல்லுலர் ரப்பர் செருப்பை, கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கும் வட்டார அளவிலேயே கிடைக்கச் செய்தால் நல்லது. இப்போது அதற்காகப் பஸ் ஏறி அலைகிறார்கள், இல்லாவிட்டால் பிளாட்பாரச் செருப்பையே போட்டுக்கொள்கிறார்கள்.

உங்கள் பத்திரிகையில் இந்த ஆறு தொடுதலைப் படம் வரைந்து ஒரு கால்பக்கம் போடுங்கள். காலண்டர் ஆணியில் மாட்டி வைக்கிற மாதிரி.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த படத்தில் பஞ்சை நேராகப் புண்ணின் மேல் வைத்து ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். அப்படி வைக்கக்கூடாது, இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும். முதலில் காஸ் துணி, அதற்கு மேல்தான் பஞ்சு. அடுத்த முறை படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நர்ஸை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
பரமக்குடி.

(வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருப்பதால் பெயர் போட வேண்டாம்.)